அறுபதில் இருபத்து நான்கு

சனி இரவு சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு
அட்டைகளைத் தரையில் பரப்பினேன்.
அறுபதில் இருபத்து நான்கு நிலம் என்பது கணக்கு.
காடு பதினொன்று, மலை ஒன்பது,
மீதி நான்கு இரண்டு நிறமும் தருகிற நிலம்.
அவை மட்டும் படுத்தபடியேதான் மேசைக்கு வரும்;
வில்லங்கம் தீர ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டும்.

இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.
ஒத்தக்கடை ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே
பத்து வருடமாய் நான் டைப் அடிப்பது இதைத்தான்:
பொன்னாத்தாள் வகையறா புஞ்சைக்குத் தெற்கு,
வண்டிப்பாதைக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு,
இதற்குள்பட்ட ஏழு சென்ட்.

முதல் நாள் பெனடிக்ட் விதி சொன்னபோது
சிரித்துவிட்டேன்.
எந்த அட்டையும் நான்குக்கு மேல் கூடாது.
இடி நான்கு. ஓநாய் நான்கு.
செத்தவனை எழுப்புகிற மந்திரமும் நான்கே.
சாதா நிலத்துக்கு மட்டும் உச்சவரம்பு கிடையாது,
எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்.
"சட்டத்தைத் தலைகீழாய் எழுதியிருக்கிறார்கள்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

எத்தனையும் வைக்கலாம்,
ஆனால் ஒரு முறைக்கு ஒன்றுதான் இறக்கலாம்.
முகூர்த்த நாளில் நூறு டோக்கன் போடுகிற
எங்கள் சார்பதிவாளர் இதை ஒப்பவே மாட்டார்.

நிலம் மிஞ்சினால் வெள்ளம்:
கை நிறையக் காடு, மேய ஒரு ஓநாய் இல்லை.
குறைந்தால் வறட்சி:
கை நிறையப் படை, நிற்க இடமில்லை.
யானைக்கல் பாலத்தில் நின்று வைகையைப் பார்த்தே
வளர்ந்தவளுக்கு இரண்டும் தெரியும்.
தெரிந்தும் பதினொன்றரை மணிக்கு ஆசை வந்தது.
இரண்டு மலையை உருவிவிட்டு
இரண்டு பறவைநாகங்களைச் சொருகினேன்.
எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிறு. கே.கே. நகர், ஜெராக்ஸ் கடை மாடி.
ஒரே மின்விசிறி, பதினாறு பேர்.
எதிரில் துவாரகநாத், என் கட்டை எண்ணிவிட்டு
"அக்கா, ஐம்பத்தொன்பதுதான் இருக்கு."

ஒன்று குறைந்தாலும் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.
பெனடிக்ட் மேசைக்கடியிலிருந்து
பழைய பாட்டா செருப்புப் பெட்டியைத் தள்ளினார்.
உள்ளே முழுக்க நிலம். யாரும் எடுக்கலாம்.
மதுரையில் காசில்லாமல் நிலம் கிடைக்கிற ஒரே இடம்,
பட்டா இல்லை, பாட்டா உண்டு.
ஒரு மலையை எடுத்தேன். முனை மழுங்கியிருந்தது,
ஓரத்தில் பால்பேனாவில் "ரஃபி" என்று எழுத்து.

கையில் வந்த ஏழில் நிலம் இரண்டு.
மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை,
அடுத்தது வரும், அடுத்தது வரும் என்று
வரன் பார்க்கிறவர்களைப்போல உட்கார்ந்திருந்தேன்.
நாகங்கள் இரண்டும் கையிலேயே குடியிருந்தன.
ரஃபியின் மலை வந்தபோது
எனக்கு உயிர் மூன்று பாக்கி.

துவாரகநாத் தன் கட்டைப் பிரித்துக் காட்டினான்.
நிலம் இருபத்தாறு!
"முனிச்சாலையில் எங்க வீடு ஒன்றரை சென்ட், அக்கா.
ஆறு பேர். இங்கேயாவது தாராளமா இருப்போமே."

திங்கள் காலை சார்பதிவாளர்
ஒரு கிரயப் பத்திரத்தைப் புரட்டினார்.
நான்காம் பக்கத்துக்கும் சொத்து விவரத்துக்கும் நடுவே
ஒரு காடு.
வரி தப்பாமலிருக்க வெள்ளிக்கிழமை நான் வைத்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இது எந்த சர்வே நம்பரும்மா?" என்றார்.
வாங்க வந்த நரசிங்கத்துக்காரர் எட்டிப் பார்த்தார்,
"தண்ணி வசதி இருக்கா?"

நாகங்களை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.
காடும் திரும்பிவிட்டது.
ரஃபியின் மலையை மட்டும்
பெட்டியில் இன்னும் போடவில்லை.
ரஃபி யாரென்று பெனடிக்டுக்கே தெரியாதாம்.
பன்னிரண்டு வருடம் தடையில்லாமல்
ஆண்டனுபவித்தால் என் பாத்தியம்.
இரண்டு வாரம் ஆகிறது.